பேட்டரி ஒயரைக் கழற்றினால் லைட்தான் போகும், கோளாறு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரின் வாகனப் பக்கத்தில் சின்னதாகக் கட்டம் கட்டி ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். காரில் மஞ்சள் நிற இன்ஜின் லைட் எரிந்தால் பதற வேண்டாம், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் தானாகச் சரியாகிவிடும் என்று. நான் கே.புதூர் பக்கம் முப்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவன். திங்கட்கிழமை கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி காட்டி முடிக்கவில்லை, அந்தக் கட்டத்தைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்து நிற்கிறார். "பேப்பர்லயே போட்டுட்டாங்க, நீங்க எதுக்கு ஸ்கேன் பண்ணக் காசு கேக்குறீங்க?" அவரை அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இடம் இல்லையென்றால் என் புலம்பலை வெட்டுங்கள், விஷயத்தை வெட்டிவிடாதீர்கள்.

ஒயரைக் கழற்றினால் லைட் அணையுமா என்றால், பழைய வண்டிகளில் அணையும், நீங்கள் எழுதியது முழுப் பொய் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் அதுகூட நடக்காது, ஏனென்றால் கோளாறுக் கணக்கெல்லாம் பேட்டரி போனாலும் அழியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, ஒரு தட்டு தட்டினால் முழுசாக ஏறுகிற கண்ணாடி பாதியில் நிற்கும், சில வண்டிகளில் பாட்டுப் பெட்டி ரகசிய எண் கேட்கும், நின்ற இடத்தில் இன்ஜின் சும்மா ஓடுகிற ஐடிலிங் இரண்டு நாளைக்கு முரண்டு பிடிக்கும்.

அணைகிற வண்டியில்தான் உண்மையான நஷ்டம். லைட் எரிகிற நொடியில் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கோளாறுக்கு ஒரு எண் போட்டு வைக்கும், இது பலருக்கும் தெரியும். கூடவே அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றியது, வண்டி என்ன வேகத்தில் போனது, கூலன்ட் எத்தனை டிகிரி, இன்ஜின் எத்தனை சதவீதம் லோடு இழுத்தது என்று போட்டோ பிடித்த மாதிரி பதிந்தும் வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஒயரைக் கழற்றினாலும் சரி, அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் எரேஸ் பட்டனைத் தட்டினாலும் சரி, அந்தப் போட்டோவும் சேர்ந்து போய்விடும். திருட்டுப் போன வீட்டைப் போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்து வாசலில் கோலமும் போட்டு வைத்தால் எப்படியோ, அப்படி.

சாதாரணமாக வேலைக்குப் போய் வருகிற வண்டிக்கு இது பெரிய இழப்பு இல்லை, கோளாறு இருந்தால் எப்படியும் நாளைக்கே மறுபடி காட்டிவிடும். மிதித்து ஓட்டுகிற வண்டிக்குத்தான் சிக்கல். அதன் கோளாறுகள் சூட்டிலும் சுமையிலும் மட்டும் தலைகாட்டும், பட்டறை வாசலில் ஐடிலிங்கில் நிற்கும்போது பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும்.

நாராயணபுரத்துத் தம்பி ஒருவர், பெங்களூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவார். ரெண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். நாலு சிலிண்டர், டர்போ பெட்ரோல். கம்பெனிப் பெயர் எதற்கு, இந்தக் கோளாறு எல்லா டர்போ வண்டிக்கும் பொது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆசைக்கு ஓட்ட விடுகிற நாட்களில் பணம் கட்டி ஓட்டுவார், மற்ற ஞாயிறுகளில் விடியற்காலையில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை. அவர் சொன்ன புகார் இதுதான்: "அண்ணே, மலை ஏறுறப்ப மூணாவது கியர்ல முழுசா அமுக்குனா வண்டி குதிக்குது, இன்ஜின் லைட் மின்னி மின்னி எரியுது. காலை எடுத்தா மின்னுறது நின்னு, நிலையா எரியுது. ஊருக்குள்ள ஒண்ணுமே இல்லண்ணே."

என்னிடம் வருவதற்கு முன்னால் இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்திருந்தார். முதல் இடத்தில் ஸ்கேனர் போட்டார்கள், அழித்தார்கள், ஓகே சார் என்றார்கள். என்ன எண் வந்தது என்று கேட்டால் தம்பிக்கும் தெரியாது, அவர்களும் எழுதி வைக்கவில்லை. ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது இடத்தில் ஆக்ஸிஜன் சென்சார் சம்பந்தமாக ஏதோ வருகிறது என்று சொல்லி அந்த சென்சாரையே மாற்றிப் பதினெட்டாயிரம் ரூபாய் பில் போட்டார்கள். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு சிலிண்டரில் நெருப்பு பிடிக்கவில்லை என்றால் அந்தச் சிலிண்டருக்குள் போன காற்று எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் வரும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிறது, பெட்ரோல் பத்தவில்லை என்று சொல்லும். அது பார்த்ததைத்தான் சொல்கிறது. தகவல் சொன்னவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு வேறு ஒருத்தனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், அவனும் வந்து அதையேதான் சொன்னான்.

நான் அழிக்கவில்லை. இருந்ததை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். எண் பி 0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், நம் பாஷையில் மிஸ்ஸிங். 0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி வருகிறது என்று அர்த்தம், 0301 முதல் 0304 வரை கடைசி எண்ணே சிலிண்டரைக் காட்டிவிடும். ஃப்ரீஸ் ஃப்ரேமில் 2,900 ஆர்பிஎம், 58 கிலோமீட்டர் வேகம், கூலன்ட் 101 டிகிரி, லோடு 95 சதவீதம். தம்பி ஏதோ வேகமாகப் போனதால்தான் லைட் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். 58 கிலோமீட்டர் ஒரு வேகமா? நத்தம் ரோட்டு டவுன் பஸ்ஸே அதற்கு மேல் போகும். லோடுதான் சங்கதி. ஏற்றத்தில் முழுசாக அமுக்கும்போது டர்போ காற்றைத் திணிக்கிறது, சிலிண்டருக்குள் காற்று அடர்த்தியாகிறது, அந்த அடர்த்திக்குள் பிளக்கின் தீப்பொறி தாண்ட வேண்டுமென்றால் பிளக்குக்குக் கரன்ட் அனுப்புகிற காயில் கொடுக்கிற வோல்ட்டேஜ் மிக அதிகமாக வேண்டும். காயிலில் எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தால் கரன்ட் பிளக் இடைவெளியைத் தாண்டாமல் சுலபமான வழியாக அந்த வெடிப்பில் ஓடிவிடும். கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து போகும்போது அந்தத் தேவையே வராது, அதனால் கோளாறும் தெரியாது.

சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது, இதை உங்கள் வாசகர்களுக்காகவே எழுதுகிறேன். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினேன், முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டினேன். எண்ணை எழுதி வைத்துவிட்டதால் இப்போது அழித்தால் தப்பில்லை, அழித்தேன். மறுநாள் விடிவதற்குள் இருவரும் திண்டுக்கல் தாண்டிச் சிறுமலை ஏறினோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. வேகமே வேண்டாம் தம்பி, ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே வைத்து ஆர்பிஎம் கீழே இருக்கும்போது அமுக்கு, இன்ஜினுக்கு வேண்டிய பாரம் கிடைத்துவிடும் என்று சொல்லி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாவது வளைவு தாண்டியதும் குதித்தது, லைட் மின்னியது. எண் பி 0301. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. மாறாமல் 0303-லேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் போயிருக்க வேண்டும். கீழே வந்து கழற்றிப் பார்த்தால் காயிலின் ரப்பர் காலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, தீப்பொறி கசிந்த தடம். பிளக்குகளில் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. இடைவெளி கூடக் கூட காயில் தம் கட்டித் தள்ள வேண்டும், அதுதான் அதை வெடிக்க வைத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஒரு காயில், நாலு பிளக். அந்த சென்சார் பில்லில் பாதிகூட ஆகவில்லை.

அந்த லைட் நிலையாக எரிவதும் மின்னி மின்னி எரிவதும் ஒன்றில்லை, இதை உங்கள் கட்டத்தில் ஒரு வரி போட்டிருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். நிலையாக எரிந்தால் அன்றைக்கோ மறுநாளோ பட்டறைக்குப் போகலாம். மின்னினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை அப்போதே எடுக்க வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே பற்றுகிறது. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும், அந்தச் சூட்டில் அது உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் காயில் விலையில் முடிய வேண்டியது லட்சத்தில் போய் நிற்கும்.

சிவப்பு லைட்டுகளுக்கு வருகிறேன். மஞ்சளுக்கு யோசிக்க நேரம் உண்டு, சிவப்புக்குக் கிடையாது, ஓரம் கட்டிவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். இதே தம்பி இரண்டு மாதம் கழித்து போன் பண்ணினார், டிராக்கில் நீளமான வளைவு ஒன்றில் திரும்பும்போது எண்ணெய்க் கிண்ணம் போட்ட சிவப்பு லைட் ஒரு கணம் எரிந்து அணைந்தது, சென்சார் சரியில்லையோ என்று. சென்சார் மேல் பழி போடுவதற்கு இவருக்கும் பழகிவிட்டது. ஸ்டிக்கை எடுத்துப் பார் என்றேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. வளைவில் வேகமாகத் திரும்பும்போது இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் தொட்டியில் இருக்கிற ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப்பின் வாய் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். பக்கெட்டில் கால்வாசி தண்ணீரை வைத்துக்கொண்டு சைக்கிளில் திரும்பிப் பாருங்கள், புரியும். அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை, அழுத்தம் இருக்கிறதா என்று காட்டுவது. அழுத்தம் ரொம்பக் கீழே போன பிறகுதான் எரியும். ஒரு கணம்தானே என்று விட்டால் பேரிங் தேய்ந்து இன்ஜின் கட்டிக்கொள்ளும். டர்போ இன்ஜின் மிதித்து ஓட்டினால் ஆயில் குடிக்கத்தான் செய்யும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று சில கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. டிராக்குக்குப் போகிற அன்றைக்குக் காலையில் சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்து, மேல்கோடு வரை ஊற்றிவிட்டுப் போகவேண்டியதுதான்.

பிரேக்கில் இன்னொரு வேடிக்கை. கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, நிமிர்ந்தால் அணைகிறது என்று ஒருவர் வந்தார். வழியில் ஒரு கடையில் பிரேக் ஆயில் ஊற்றி லைட்டை அணைத்தும் விட்டார்கள். ஆயில் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கசிவே இல்லை. பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்துகிற காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் இருந்து ஆயில் இறங்கும், வண்டி முன்பக்கம் குனியும்போது மிதவை கீழே போய் லைட் எரியும். ஆகவே லைட் சொன்னது பேட் முடிந்துவிட்டது என்பது. அவருக்கு உலோகத்தோடு உலோகம் உரசுகிற நிலை. புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளியதும், அந்தக் கடைக்காரர் ஊற்றிய ஆயில் எல்லாம் பொங்கி வழிந்து பெயின்ட்டையும் தின்றுவிட்டது.

அவர் வண்டியில் ஆயிலையும் மாற்றினேன். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதுசில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியதுக்கு 155 டிகிரிதான் கணக்கு. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், ஆயில் கொதித்து ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். இதற்கு மீட்டர் போர்டில் லைட்டே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடியிலேயே வருவதுதான் வழி, நம் மலை பஸ் டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வது.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), இஎஸ்பி (வண்டி சறுக்காமல் பிடிப்பது), ஸ்டியரிங் என்று எல்லா லைட்டும் ஒன்றாகச் சேர்ந்து தெப்பத் திருவிழா அன்றைக்கு மைய மண்டபம் ஜொலிக்கிற மாதிரி எரிந்தால் பயப்படுகிறார்கள். நான் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பேன். இந்த மாதிரி வண்டிகள் வாரக்கணக்கில் ஷெட்டில் தூங்கும், பேட்டரி இறங்கியிருக்கும். நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14 பக்கம் இருந்தால் சரி, ஸ்டார்ட் பண்ணும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல்தான் சந்தேகம். அது நன்றாக இருந்தால் வீல் சென்சார், அதன் ஒயர், சாக்கெட். வளைவில் இஎஸ்பி லைட் மட்டும் மின்னினால் அது கோளாறே இல்லை, உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டயரில் காற்று குறைந்தால் எரிகிற லைட் பற்றி ஒன்றே ஒன்று. மதுரை வெயிலில் விரட்டி ஓட்டிவிட்டு வந்து, காற்று அதிகமாக இருக்கிறதே என்று சூட்டோடு இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் டயர் ஆறியதும் குறைவு என்று லைட் எரியும். ஆறிய பிறகு பாருங்கள்.

இப்போது நான் இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், இந்த அழிக்கிற பழக்கம் பழைய வண்டி விற்கிற இடத்திலும் இருக்கிறது. விற்கிற அன்றைக்குக் காலையில் ஒரு எரேஸ், வாங்குகிறவருக்கு மீட்டர் போர்டு பளிச்சென்று இருக்கும். இன்ஜின் தன் சோதனைகளை எல்லாம் மறுபடி ஓட்டி முடிக்கச் சில நாள் ஓட வேண்டும், அதற்குள் பணம் கைமாறிவிடும். இதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்கேனரில் சோதனைகள் முடிந்தனவா இல்லையா என்று ஒரு பக்கம் வரும், கடைசியாக அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும் பெரும்பாலான வண்டிகளில் வரும். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்த இடத்தில் ஏழு என்று இருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆவதற்கு முன் இன்ஜின் லைட் ஒரு தடவை எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். நாராயணபுரத்துத் தம்பியும் இதைப் பார்க்காமல்தான் வாங்கினார்.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலம் 2023-ல் திறந்தது, 7 கிலோமீட்டருக்கு மேல் நேராகக் கிடக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அதில் சிலர் விரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்குக் கோவையில் டிராக் இருக்கிறது, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. பாலத்தில் ஓட்டிவிட்டு லைட் எரிகிறது என்று என்னிடம் வந்தால் வேலை பார்ப்பேன், ஆனால் ரெண்டு திட்டும் பில்லில் சேரும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தக் கட்டம் எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில், அதே அளவில், அழிப்பதற்கு முன் எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் எழுதி வாங்குங்கள் என்று ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம் எங்கள் ஆட்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள், என்னையும் சேர்த்துத்தான். ரத்தம் எடுத்தால் லேப்பில் ரிப்போர்ட் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி ஸ்கேன் போட்டதும் என்ன வந்தது என்று ஒரு சீட்டு எழுதி வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். பிரின்ட் எடுக்க மெஷின் இல்லாவிட்டால் போன் வழியாகத் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். நான் இந்த வாரத்தில் இருந்து ஆரம்பித்துவிட்டேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் கட்டத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தவர் நேற்று திரும்ப வந்தார். திங்கட்கிழமையே வீட்டில் ஒயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார். மூன்று நாள் நிம்மதியாக ஓடி, நாலாவது நாள் அழகர்கோயில் போகிற வழியில் மறுபடி எரிந்து, பட்டறைக்கு வருகிற வழியில் பழக்கதோஷத்தில் இன்னொரு தடவையும் கழற்றி மாட்டிவிட்டு வந்திருக்கிறார். ஸ்கேனரைப் போட்டேன், உள்ளே ஒன்றுமே இல்லை. "ஒயரைத் தொடாம ஓட்டுங்க, எரிஞ்சதும் அப்படியே வாங்க" என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கே.புதூர், மதுரை.